நின்று பார்த்துவிட்டுப் போன கார்

786
காரைக்கால்
3-2-1955

மதிப்பிற்குரிய வாப்பா அவர்களுக்கு மகள் உம்மு சல்மா சலாம் சொல்லி எழுதுவது.

தந்தியில் நான்கு சொற்களுக்கு மேல் கொடுக்க முடியவில்லை. நடந்ததை இப்போது முறையாக எழுதுகிறேன்.

சென்ற வியாழக்கிழமை வரிச்சிக்குடி வயலில் அறுவடை. நீங்கள் சைகோன் போன இந்த ஆறு வருடமும் அறுவடை நாளில் உம்மாதான் போய் வரப்பில் நிற்கிறார். திரும்பும்போது பஸ் வரவில்லை. நம் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சுகம் அக்கா அங்கே விற்றுவிட்டு வெறும் கூடையோடு வந்தார். இருவரும் சேர்ந்து நடந்திருக்கிறார்கள். பொழுது இன்னும் மறையவில்லை, மஃரிபு பாங்குக்குப் பத்து நிமிடம் இருந்ததாம். உம்மா போர்த்தியிருந்தது வெள்ளைத் துப்பட்டி. அந்த வெளிச்சத்தில் அது தெரியாமல் போகாது. பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கார் வந்து உம்மாவை அடித்து வாய்க்கால் ஓரத்தில் தள்ளியது. அஞ்சுகம் அக்கா கூடையோடு வயலுக்குள் விழுந்தார்.

வாப்பா, அந்தக் கார் நின்றது. கதவு திறந்தது. ஒருவர் இறங்கி உம்மா கிடந்த இடத்துக்கு வந்தார். நெல் மறைத்ததால் அவருடைய முதுகும் வெள்ளைச் சட்டையும்தான் அஞ்சுகம் அக்காவுக்குத் தெரிந்தது. தூக்கத்தான் வருகிறார் என்று நினைத்தாராம். பிறகு கதவு சாத்திய சத்தம் கேட்டது. கார் போய்விட்டது.

வைக்கோல் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் நொறுங்கியிருக்கிறது. பத்து நாள் பார்ப்போம் என்கிறார் டாக்டர்.

நான் அஞ்சுகம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போலீஸுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

"பாப்பா, வண்டி யாருதுன்னு தெரியாம யாரைப் புடிச்சி உள்ளே வைக்கிறது? காத்தையா?" என்றார்.

"கண்டுபிடிக்கிறது உங்க வேலைதானே?" என்றேன்.

"கொடி மாறி மூணு மாசம்தான் ஆவுது. இப்ப எந்தச் சட்டம்னே எங்களுக்குத் தெரியல. நீ போயிப் படி."

கொடி மாறினாலும் நம் ஊரில் பிரெஞ்சுச் சட்டம் இன்னும் மாறவில்லை என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியவில்லை.

வக்கீல் ஹமீது அவர்களிடமும் போனேன். உம்மா பெயரில் வழக்குப் போடலாம், ஆனால் புருஷன் அக்கரையில் உயிரோடு இருக்கும்போது அவர் சம்மதக் கடிதம் இல்லாமல் தொட மாட்டேன் என்கிறார். ஆகவே வாப்பா, "என் மனைவி ஆஸியா பீவி வழக்குத் தொடர எனக்குச் சம்மதம்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு விமானத் தபாலில் உடனே அனுப்புங்கள்.

விபத்து நடந்த மறுநாள் காலையே அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கார் விளக்கின் கண்ணாடித் துண்டுகள் பதினொன்று கிடைத்தன.

தங்கள் அன்பு மகள்
உம்மு சல்மா


786
சைகோன்
14-2-1955

கண்மணி உம்மு சல்மாவுக்கு வாப்பா துஆவுடன் எழுதுவது.

உன் கடிதத்தைக் கடைக்குள் வைத்துப் படிக்க முடியவில்லை. பின்கட்டில் துணிப் பொதிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். கூட வேலை பார்க்கும் சீனன் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. உன் உம்மா கையைப் பிடித்து என் சலாமைச் சொல். அவள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று எழுது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அறுவடைக்கு உன் உம்மா ஏன் போக வேண்டும்? ஆள் அனுப்பினால் போதாதா? எத்தனை முறை எழுதியிருக்கிறேன். நம் வீட்டுப் பெண்கள் பொழுது சாயும் நேரத்தில் மீன்காரியோடு சாலையில் நடந்தார்கள் என்பதை இங்கே நான் யாரிடம் சொல்வேன்?

சரி, அதை விடு. நீ கெட்டிக்காரி. சம்மதக் கடிதம் எழுதுவதற்கு முன் எனக்கு எல்லா விவரமும் தெரிய வேண்டும். யார் யார் பார்த்தார்கள், என்ன கிடைத்தது, அதை எங்கே வைத்திருக்கிறாய், எதையும் விடாமல் எழுது. அவசர உதவி வேண்டுமானால் மீரான் மரைக்காயர் வீட்டுக்குப் போ. அவருடைய அண்ணன் அலாவுதீன் மரைக்காயரின் இந்தக் கடை உப்பைத்தான் நான் தின்கிறேன். நம்மை அவர் கைவிட மாட்டார்.

உன் படிப்பை விடாதே.

உன் வாப்பா
கமாலுதீன்


786
காரைக்கால்
26-2-1955

அன்புள்ள வாப்பா அவர்களுக்கு மகள் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சென்ற செவ்வாய்க்கிழமை. மயக்கம் தெளிந்ததும் உம்மா கேட்ட முதல் கேள்வி, "வாப்பாவுக்கு எழுதிட்டியா?" என்பதுதான்.

நீங்கள் கேட்ட எல்லா விவரமும் கீழே எழுதுகிறேன். இதைப் படித்ததும் நீங்கள் சம்மதக் கடிதம் அனுப்பாமல் இருக்க மாட்டீர்கள்.

அஞ்சுகம் அக்காவின் கணவர் கண்ணையன் நாகப்பட்டினத்துக்கு மீன் ஏற்றிப் போகிறவர். விளக்கு உடைந்த காரை யாராவது காரைக்காலிலேயே பழுது பார்ப்பார்களா என்று நான் கேட்டேன். அவர் நாகப்பட்டினத்தில் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாகப் போய் விசாரித்தார். நடராசன் என்ற மெக்கானிக், விபத்து நடந்த மறுநாள் காலை ஒரு கறுப்புக் காருக்கு இடது முன்விளக்கு மாற்றி பம்பரையும் நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார். அவருடைய நோட்டில் தேதியும் வேலையும் வண்டிக்காரர் பெயரும் இருக்கின்றன. கண்ணையன் என்னிடம் வந்து அந்தப் பெயரைச் சொன்னபோது நான் மூன்று முறை திருப்பிக் கேட்டேன்.

வாப்பா, அது மீரான் மரைக்காயருடைய கார்.

எனக்கும் நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. நம் காரைக்காலில் கறுப்புக் கார் மூன்றுதான். அன்று மாலை ஒன்று விளக்கு எதுவும் உடையாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது, நானே பார்த்தேன். இன்னொன்று மாதக்கணக்காகச் சக்கரம் இல்லாமல் நிற்கிறது. மூன்றாவது அவருடையது.

சட்டத்தையும் பார்த்தேன். வக்கீல் வீட்டில் காத்திருந்த மூன்று நாளும் அங்கிருந்த தடித்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பிரெஞ்சில் எனக்கு முதல் மார்க் என்பது இப்போதுதான் உபயோகப்பட்டது. ஒரு பொருளைத் தன் வசம் வைத்திருப்பவரே அதனால் பிறருக்கு வந்த தீங்குக்குப் பொறுப்பு. காரை அவரே ஓட்டினாரா, டிரைவர் ஓட்டினாரா, யார் கவனக்குறைவு என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தக் கார்தான் என்று காட்டினால் போதும். அடித்துவிட்டு அப்படியே விட்டுப் போவது தனிக் குற்றம். உம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு மட்டுமல்ல, இனி வாழ்நாள் முழுவதும் அவரால் செய்ய முடியாமல் போன எல்லாவற்றுக்கும் ஈடு கேட்கலாம். சக்கரவர்த்தியாக இருந்தாலும் கேட்கலாம் என்றுதான் எனக்குப் புரிந்தது.

சாட்சி மூன்று. ஒன்று அஞ்சுகம் அக்கா. இரண்டு நடராசனும் அவருடைய நோட்டும். மூன்று அந்தக் கண்ணாடித் துண்டுகள். அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து, காலியாக இருந்த எலுமிச்சை ஊறுகாய்ச் சாடிக்குள் போட்டு மேல்தட்டில் வைத்திருக்கிறேன். இது உம்மாவுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

கடிதத்தை விரைவில் அனுப்புங்கள்.

தங்கள் அன்பு மகள்
உம்மு சல்மா


786
சைகோன்
10-3-1955

அன்பு மகளுக்கு வாப்பா எழுதுவது.

உன் உம்மாவின் கால் போன செய்தியைப் படித்த அன்று நான் கடை திறக்கவில்லை. அல்லாஹ் அவளுக்குப் பொறுமையைக் கொடுப்பானாக.

மகளே, நீ சின்னப் பெண். புத்தகத்தில் இருப்பது வேறு, ஊர் வேறு. மீரான் மரைக்காயர் பள்ளிவாசல் ஜமாஅத்தில் பெரியவர். அவரைக் கோர்ட்டில் ஏற்றினால் நாளைக்கு நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள்? என் நிலையையும் நினை. அலாவுதீன் மரைக்காயர் இந்தக் கடையை மூடினால் நான் எங்கே போவேன்? இங்கே காலம் சரியில்லை. தெருவில் பட்டாளம் நிற்கிறது.

நான் யோசித்துப் பார்த்தேன். இருட்டும் நேரம், அவருக்கும் வயதாகிவிட்டது. யாரோ அறுப்புக்கு வந்த கூலிப் பெண் என்று நினைத்துப் பயந்து போயிருப்பார். நம் வீட்டுப் பெண் என்று தெரிந்திருந்தால் அப்படி விட்டுப் போகிற மனிதர் இல்லை.

அவருக்கு நானே எழுதிவிட்டேன். ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசி, ஷரீஅத்துப்படி தியத்து, அதாவது காயத்துக்கு ஈட்டுத்தொகை, கொடுக்க அவர் சம்மதிப்பார். உன் உம்மா சார்பில் மன்னிப்பும் எழுதி அனுப்பியிருக்கிறேன். மன்னிக்கிறவருக்கு அல்லாஹ்விடம் பெரிய கூலி உண்டு. நீ அந்தக் கண்ணாடியை வாய்க்காலில் போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் படி.

உன் நன்மையை நாடும் வாப்பா
கமாலுதீன்


786
காரைக்கால்
24-3-1955

வாப்பா அவர்களுக்கு,

நடராசன் இப்போது நாகப்பட்டினத்தில் இல்லை. ஒரு வாரமாக இல்லை. ஒர்க்‌ஷாப்காரர் கண்ணையனிடம், அப்படி ஒரு வேலை இங்கே நடக்கவே இல்லை என்கிறார். நோட்டில் அந்தத் தேதிக்கு உரிய தாளே இல்லை. மீரான் மரைக்காயரின் கார் தஞ்சாவூருக்குப் போய்விட்டது, விற்றாயிற்று என்கிறார்கள். அஞ்சுகம் அக்கா கூடை இறக்கும் தெருக்களில் நான்கு தெருக்காரர்கள் இனி மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. என்மேல்தான் சந்தேகப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது வாய் தவறிச் சொன்னேனா, வக்கீல் வீட்டில் எதையாவது எழுதி வைத்துவிட்டு வந்தேனா என்று ஒவ்வொரு நாளாக யோசித்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மீரான் மரைக்காயரின் மனைவி சுல்தான் பீவி உம்மாவைப் பார்க்க வந்தார். ஆரஞ்சு கொண்டுவந்தார். உம்மா தலைமாட்டில் உட்கார்ந்து கால் இருந்த இடத்தில் போர்வையைத் தடவிக் கொடுத்தார். போகும்போது அடுப்படி மேல்தட்டை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"ஏம்புள்ள ஆஸியா, ஒம் மவ ஊறுகாச் சாடியில என்னத்தப் போட்டு ஊற வச்சிருக்கா? எலுமிச்சங்காயா, கண்ணாடியா?"

உம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தச் சாடி லாத்தா?" என்று கேட்டார். எனக்குப் புரிந்தது.

வாப்பா, அந்தச் சாடியைப் பற்றி இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொருவர் நீங்கள்.

நான் எழுதிய கடிதத்தை நீங்கள் அவருக்கு அனுப்பினீர்களா, அல்லது அதில் இருந்ததைப் பார்த்து எழுதினீர்களா? எதுவானாலும் ஒன்றுதான். எல்லா விவரமும் எதையும் விடாமல் எழுது என்றீர்கள். நான் எழுதினேன். நடராசன் பெயரை நான் எழுதினேன். நோட்டை நான் எழுதினேன். அஞ்சுகம் அக்காவின் சாட்சியை நான் எழுதினேன். அவர்கள் இருவரும் இன்று படுவதற்கு என் கையெழுத்துத்தான் காரணம். எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடமாவது நினைத்தீர்களா? உங்கள் முதல் கடிதத்தில் நீங்கள் அழுதது உண்மை என்று இன்னும் நம்புகிறேன். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

சுல்தான் பீவி போனதும் உங்கள் இரண்டு கடிதங்களையும் உம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். இதுவரை பாதியைத்தான் படித்துக்காட்டி வந்தேன், மனம் நோகும் என்று. "கூலிப் பெண் என்று நினைத்துப் பயந்து போயிருப்பார்" என்ற இடம் வந்ததும் உம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கூலிப் பெண்ணாக இருந்தால் விட்டுப் போகலாமா என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். உம்மா கத்தவில்லை. இத்தனை நாள் என்னிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

"எனக்கு நெனவு இருந்துச்சு புள்ள. அவரு வந்து குனிஞ்சாரு. என் முகத்துல கெடந்த துப்பட்டிய வெலக்கிப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன், அவரு என்னப் பாத்தாரு. 'யா அல்லா, கமாலுதீன் வீட்டுப் பொம்பளயா'ன்னாரு. மறுபடி துணிய இழுத்து என் முகத்த மூடுனாரு. நல்லா காது வரைக்கும் மூடிட்டுப் போயிட்டாரு."

"ஏன் உம்மா இத்தன நாளும் சொல்லல?"

"ஒங்க வாப்பா அவரு அண்ணன் கடையில இருக்காங்களே. சொன்னா அவங்களுக்குக் கஷ்டம்னு இருந்தேன்."

அஞ்சுகம் அக்கா அப்போது வாசல் படியில் மீன் அரிந்துகொண்டிருந்தார். அரிவாள்மனையை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "முகத்த மூடுனானா? பொணத்துக்குத்தான் அப்படி மூடுவாங்க, பீவிம்மா! சாவட்டும்னுதான் மூடியிருக்கான். நான் வர்றேன் கோர்ட்டுக்கு. நாலு தெரு போனா என்ன, கடல் போவலையே!" என்றார்.

பிறகு உம்மா என்னிடம், "நீ எழுதுறப்ப இதையும் எழுது. கால் போனத நான் பொறுத்துக்கிடுவேன். நான்தான்னு தெரிஞ்சும் மூடிட்டுப் போனத, எம் புருஷன் என்னக் கேக்காம மன்னிச்சிட்டாருல்ல, அதத்தான் என்னால பொறுக்க முடியல" என்றார். அவர் சொன்னது சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

மன்னிப்பைப் பற்றி ஷரீஅத்தைச் சொன்னீர்கள். நான் அதையும் கேட்டு வந்துவிட்டேன். காயத்தை மன்னிக்கும் உரிமை காயம் பட்டவருக்குத்தான். உங்களுக்குக் கால் போகவில்லை. நீங்கள் மன்னித்தது செல்லாது. ஹமீது அவர்களிடமும் மறுபடி போனேன். புருஷன் சம்மதம் வேண்டும் என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்று புத்தகத்தை நீட்டினேன். நெடுநேரம் புரட்டினார். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெரிய இடமாச்சே, ஒங்க வாப்பா பின்னால நின்னா எனக்கும் கொஞ்சம் தைரியமா இருக்கும்னு பாத்தேன்" என்றார். அவ்வளவுதான் சட்டம். சம்மதக் கடிதம் தேவையே இல்லை. பாதிக்கப்பட்டவர் தாமே போய் வழக்கில் சேரலாம். இரண்டு மாதம் வீணாக உங்களிடம் கெஞ்சியிருக்கிறேன்.

உம்மா போகிறார். என்றைக்கு, யாரோடு, என்ன சாட்சியோடு என்பதை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். இனி எந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன்.

உம்மு சல்மா


786
சைகோன்
20-10-1955

என் உயிருக்குயிரான மகள் உம்மு சல்மாவுக்கு வாப்பா ஆயிரம் துஆவுடன் எழுதுவது.

ஏழு மாதத்தில் ஐந்து கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. சித்திரை மாதம் இங்கே பெரிய சண்டை நடந்தது. பல தெருக்கள் எரிந்தன. நாங்கள் மூன்று நாள் கடைக்குள்ளேயே கிடந்தோம். வாப்பா இருக்கிறாரா இல்லையா என்றுகூட என் மகள் கேட்கவில்லை.

செய்தியை மீரான் மரைக்காயர் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். உன் உம்மா கட்டைக்காலோடு கோர்ட்டுக்கு வந்தாளாம். நீதிபதி முன்னால், அத்தனை ஆண்கள் இருக்கும் இடத்தில், துப்பட்டியை விலக்கி முகத்தைக் காட்டினாளாம். "அன்னிக்கு வரிச்சிக்குடி ரோட்டுல இந்த முகத்தத்தானே பாத்தீங்க? இப்பவும் நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாளாம். மீரான் மரைக்காயர் தலையைத் தூக்கவில்லையாம். அதையே நீதிபதி எழுதிக்கொண்டாராம். காருக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் உன் உம்மாவின் ஆயுள் முழுவதும் மாதா மாதம் அவர் ஈடு செலுத்த வேண்டும் என்றும், அடித்தவளை விட்டுப் போனதற்குத் தனியாகத் தண்டம் என்றும் தீர்ப்பாம். உன் உம்மா முகத்தைத் திறந்ததை அவர் எனக்கு வசவாகத்தான் எழுதியிருக்கிறார். முதலில் எனக்கும் தலை குனிந்தது. பிறகு அந்த வரியைப் பல முறை படித்தேன். அவளை நான் பார்த்து ஆறு வருடம் ஆகிவிட்டது.

மகளே, அவர் புதுச்சேரியில் அப்பீல் போடப் போகிறார். எந்தத் தேதியில் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன் உங்களிடம் வேறு என்ன சாட்சி இருக்கிறது, அந்த நடராசன் திரும்பி வந்தானா, வக்கீல் என்ன சொல்கிறார் என்று எனக்கு ஒரு வரி எழுது. எனக்காக இல்லை, உங்கள் நன்மைக்காகத்தான். அலாவுதீன் மரைக்காயரும் தினம் கேட்கிறார். விவரம் தெரிந்தால் நடுவில் நின்று ஏதாவது ஒரு முடிவுக்குக் கொண்டுவருவேன்.

பரீட்சையில் என்ன மார்க் என்றாவது எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரனைப் பார்த்திருக்கும்
வாப்பா கமாலுதீன்


786
காரைக்கால்
4-11-1955

வாப்பா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கடிதம் கிடைத்தது. சண்டையில் தங்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்று அறிந்து அல்ஹம்துலில்லாஹ்.

இவ்விடம் உம்மாவும் நானும் நலம். ஐப்பசி மழை நன்றாகப் பெய்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்று இரண்டு பஸ்கள் ஓடவில்லை. கடல் கொந்தளிப்பாக இருப்பதால் மீன் வரத்து இல்லை. முட்டை விலை ஏறியிருக்கிறது.

பரீட்சையில் தேறிவிட்டேன்.

வேறு எழுதும்படியான செய்தி எதுவும் இல்லை. தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
ஆஸியா பீவி மகள்
உம்மு சல்மா